வீட்டுக்கு ஒரு சங்கம், வேலைக்கு ஒரு சங்கம்

அணுபுரத்தில் யாருக்கும் சொந்த வீடு கிடையாது. கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் அணுசக்தித் துறை ஊழியர்கள் குடியிருப்பதற்காகவே எழுந்த ஊர் இது. பெரிய விஞ்ஞானியாக இருந்தாலும் கடைநிலை ஊழியராக இருந்தாலும் குவார்ட்டர்ஸ்தான். வயது அறுபது முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ஐம்பத்தைந்தைத் தாண்டிய பிறகுதான் அது ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து வீட்டு வசதிக் கூட்டுறவு சங்கம் ஒன்று வைத்தோம். திருக்கழுக்குன்றம் பக்கம் நிலம் வாங்கி, டி.டி.சி.பி. அப்ரூவல் எடுத்து, மனை பிரித்துக்கொண்டோம். கூட்டல் கழித்தல் தெரிந்தவள் என்று நிர்வாகக் குழுவில் என்னையும் போட்டார்கள். வில்லங்கம் பார்க்க எல்லோருக்கும் ஒரே வக்கீல், விலை பேச ஒரே குழு, புரோக்கர் கமிஷன் கிடையாது. தனியாகப் போயிருந்தால் எங்களில் பாதிப் பேருக்கு அந்த மனை எட்டியே இருக்காது.

ஆனால் பத்திரம் பதிவான மறுநாளே கூட்டுறவு முடிந்துபோயிற்று. அவரவர் ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தார்கள். ஒரே தெருவில் ஒரே அளவு வீட்டுக்கு நாலு விதமான சதுர அடி ரேட். செங்கல், கம்பி, சிமென்ட் என்று எல்லாவற்றையும் சில்லறையாக வாங்கினோம். நிலம் வாங்கும்போது இருந்த சாமர்த்தியம் வீடு கட்டும்போது எங்கே போயிற்று என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் நின்று பார்த்தால் இன்னொரு கணக்கும் தெரியும். அன்றுதான் வாரச் சம்பளம். மேஸ்திரி சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்து நீள நோட்டைப் பிரிப்பார். கொத்தனாருக்கு ஒரு கூலி, பெரியாளுக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு அதைவிடக் குறைச்சல். நடுவில் வாங்கிய அட்வான்ஸ், டீக்கடை பாக்கி எல்லாம் கழியும். நாங்கள் கான்ட்ராக்டருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது எனக்குத் தெரியும். அதில் எவ்வளவு அந்த நோட்டுவரை வந்து சேர்ந்தது என்பதையும் கண்ணால் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு ஜல்லி சுமந்த பெண் ஒருத்தி, பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்: "எத்தினி வூடு கட்டிக் குட்த்துக்கீறோம் யக்கா. மய வந்தா என் வூட்ல ஒயுகற எடத்துக்கெல்லாம் பாத்திரம் வெக்க என்னாண்ட பாத்திரம் பத்தல." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எங்களிடம் நிலமும் பணமும் இருந்தன, நம்பகமான வேலையாட்கள் இல்லை. அவர்களிடம் கைத்தொழில் இருந்தது, நிலையான வேலையும் இல்லை, ஒழுகாத கூரையும் இல்லை. வீட்டுக்காக ஒரு சங்கமும் வேலைக்காக ஒரு சங்கமும் ஒன்றுக்கொன்று கை கொடுத்தால் என்ன என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது. விசாரித்துப் பார்த்ததில், இது என் மூளையில் உதித்த புதுமை இல்லை, உலகமெங்கும் பழகிய வழி என்று தெரிந்தது.

தொழிலாளியே முதலாளி

கூட்டுறவு என்றால் நமக்கு ரேஷன் கடையும் நகைக்கடனும்தான் ஞாபகம் வரும். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த கையோடு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திரூரில் ஒரு கடன் சங்கம் பதிவானது. நாட்டிலேயே முதலாவது என்று அதைச் சொல்வார்கள். அதே ஆண்டில்தான் திருவல்லிக்கேணியில் டி.யு.சி.எஸ். பண்டகசாலையும் தொடங்கியது. கடன், கடை இரண்டும் நமக்கு நன்றாகப் பழகிவிட்டன. வீட்டு வசதிச் சங்கங்களும் புதிதல்ல. அடையாறு காந்தி நகரே கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் உருவாக்கிய குடியிருப்புதான். ஆனால் தொழிலாளிகளே உரிமையாளர்களாக இருந்து, தாங்களே வேலை எடுத்து, லாபத்தைத் தாங்களே பிரித்துக்கொள்ளும் சங்கம் என்றால், "அதெல்லாம் நடக்கிற காரியமா?" என்பார்கள்.

அவர்களை நான் வடநெம்மேலிக்கு அனுப்புவேன். மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையை நோக்கிப் போனால் முதலைப் பண்ணை வரும். அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவு சங்கம். பாம்புத் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள் இருளர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1976-ல் தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் அந்தப் பிழைப்பை ஒரேயடியாக நிறுத்தின. பாம்பைக் கொல்லாமல் அதன் நஞ்சை மட்டும் எடுத்து விற்கலாம் என்று பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரோடு சேர்ந்து அவர்கள் 1978-ல் சங்கம் அமைத்தார்கள்.

அங்கே நஞ்சு எடுப்பதைப் பார்வையாளர்களும் பார்க்கலாம். வரிசையாக மண்பானைகள், உள்ளே மணல், வாயில் துணி கட்டியிருக்கும். ஒவ்வொரு பானையிலும் பாம்பு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு வகைகள்தான். கொக்கியால் வெளியே எடுத்து, தலையைப் பிடித்து, வாயில் சவ்வு கட்டிய கண்ணாடிக் குப்பியைக் கடிக்க விடுவார்கள். மஞ்சளாகச் சில சொட்டு இறங்கும். ஒரு பாம்பு மூன்று வாரம்தான் பானையில் இருக்கும், அதற்குள் நான்கு முறை நஞ்சு எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பைத் திரும்பப் பிடித்துவிடாமல் இருக்கத்தான் அந்த அடையாளம். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்துதான் போகிறது. செங்கல்பட்டு மாவட்டத்துச் சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இரண்டு இருளர்கள் 2023-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். ஏட்டுப் படிப்பு இல்லாதவர்களால் சங்கம் நடத்த முடியாது என்பவர்களுக்கு இதுவே பதில்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலைக்காக ஒரு சங்கம் இருந்தால் மட்டும் வீடு வந்துவிடாது. இந்தப் பகுதி இருளர் குடும்பங்களில் எத்தனையோ பேர் பட்டாவுக்காக வருஷக்கணக்கில் மனு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அரசுத் திட்டத்தில் வீடு வந்தாலும் கட்டுவது வெளியூர்க் கான்ட்ராக்டராகத்தான் இருக்கிறார்.

வீடே தறிக்கூடம்

வீட்டையும் வேலையையும் பிரிக்கவே முடியாத தொழில் ஒன்று பக்கத்துக் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. குழித்தறி போட்டவர் வீட்டில் தரையில் பள்ளம், அதற்குள் கால்மிதி. மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் முதலில் நிறைவது அந்தக் குழிதான். தறி நின்றால் கூலி நின்றது. கூட்டுறவு சங்கத்தில் இருக்கும் நெசவாளிக்குப் பட்டும் சரிகையும் சங்கம் கொடுக்கும். சேலையை நெய்து ஒப்படைத்துக் கூலி வாங்கிக்கொள்வார். ஆனால் சங்கம் எவ்வளவு நல்ல பாவு கொடுத்தாலும் வீடு ஒழுகினால் பயன் இல்லை.

இதை அந்தக் காலத்திலேயே புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். ஆந்திராவின் எம்மிகனூரில் 1938-ல் நெசவாளர் கூட்டுறவு சங்கம் தொடங்கிய மாச்சானி சோமப்பா, நெசவாளர்களுக்குக் குடியிருப்பும் கட்டினார். 1953-ல் மத்திய அரசு மில் துணிமேல் கூடுதல் தீர்வை போட்டு, அந்தப் பணத்தைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. அதில் ஒரு பங்கு நெசவாளர் சங்கங்கள் வழியாக வீடுகளாயிற்று. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் 'நெசவாளர் காலனி' என்று ஒரு நிறுத்தம் இருக்கிறதே, அதில் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு சங்கத்தின் கதை இருக்கும்.

அகமதாபாத்தின் சேவா அமைப்பும் இதே பாடத்தைத்தான் படித்தது. பெண் தொழிலாளர்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு 1974-ல் கூட்டுறவு வங்கி ஆரம்பித்தார்கள். வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டுகிற, துணி தைக்கிற பெண்களுக்கு வீட்டைச் சீர்படுத்தக் கொடுக்கும் கடன் தொழில் கடனும்தான் என்று வங்கி கண்டுகொண்டது. வீட்டு விஷயத்தைக் கவனிக்கவே 1994-ல் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் வந்தது. பெண்கள் கூட்டுறவு சங்கங்கள் ஒன்றுக்கொன்று துணை நிற்க 1992-ல் தனியாக ஒரு கூட்டமைப்பும் அமைந்தது.

சோலாப்பூரும் கண்ணூரும்

மகாராஷ்டிரத்துச் சோலாப்பூரில் பீடி சுற்றும் பெண்கள் கோதாவரி பருலேகர் பெயரில் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் அமைத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் நரசய்யா ஆடம் முன்னின்றார். ஒரு வீட்டுக்கு அறுபதாயிரம் ரூபாய். மத்திய அரசு இருபதாயிரம், மாநில அரசு இருபதாயிரம், மீதி இருபதாயிரம் அந்தப் பெண்ணின் பங்கு. ஊருக்கு வெளியே கும்பாரியில் எழுந்த பத்தாயிரம் வீடுகளை 2006 செப்டம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் ஒப்படைத்தார். அந்த வெற்றியைப் பார்த்து விசைத்தறி, குப்பை சேகரிப்பு, ஆட்டோ என்று பலவகைத் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். ரே நகர் என்ற பெயரில் முப்பதாயிரம் வீட்டுத் திட்டம் உருவானது. அதில் முதல் பதினைந்தாயிரம் வீடுகள் 2024 ஜனவரியில் பிரதமர் மோடி கையால் கிடைத்தன. இரண்டு பிரதமர்கள், இரண்டு கட்சிகள், ஒரே தொழிலாளர் இயக்கம்.

கேரளத்துக் கண்ணூரில் கதை வேறு. பீடித் தொழிலாளர் நலச் சட்டத்தை 1968-ல் கேரள அரசு அமல்படுத்தத் தொடங்கியதும், மங்களூர் முதலாளிகள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆயிரக்கணக்கான பேர் தெருவில் நின்றார்கள். 1969 பிப்ரவரியில் அவர்களே தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கினார்கள். ஒரு கட்டத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் அதில் வேலை பார்த்தார்கள். பீடிக்கு மவுசு குறைந்தபோது குடை, உணவுப் பொருள், ஆயத்த ஆடை என்று தொழிலை மாற்றிக்கொண்டார்கள்.

சோலாப்பூர்ப் பெண்ணுக்கு வீடு சொந்தம். ஆனால் பீடிக்குக் கூலி வைப்பது இன்னமும் கம்பெனிதான். கண்ணூர்த் தொழிலாளிக்குக் கம்பெனியே சொந்தம். இந்த இரண்டும் ஒரே ஊரில் சேர்ந்தால் அதுதான் நான் தேடுவது.

வடகரை மேஸ்திரிகள்

அதற்கு வெகு அருகில் வந்த ஊர் கோழிக்கோட்டுக்கு வடக்கே வடகரை. சமூக சீர்திருத்தவாதி வாக்படானந்தரைப் பின்பற்றியவர்களுக்கு உள்ளூர் நிலக்காரர்கள் வேலை தர மறுத்தார்கள். அந்தக் கூலிக்காரர்கள் 1925-ல் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளச் சங்கம் அமைத்தார்கள். சாலை போடுவது, வாய்க்கால் வெட்டுவது என்று ஆரம்பம். இன்று அதுதான் ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவு சங்கம். நூறு வயதைத் தாண்டிவிட்டது. கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலம் திறந்து மூன்று வருஷத்துக்குள் விரிசல் கண்டு மூடப்பட்டதே, அதைத் திரும்பக் கட்ட டெல்லி மெட்ரோ நிறுவனம் ஒப்படைத்தது இவர்களிடம்தான். 2021 மார்ச்சில் பாலம் திறந்தது.

இவர்களுக்கு மூலதனம் எங்கிருந்து வந்தது? வட்டாரக் கூட்டுறவு வங்கிகள் கடன் கொடுத்தன. ஊர்மக்கள் வைப்புத்தொகை போட்டார்கள். டெண்டரில் தொழிலாளர் ஒப்பந்தச் சங்கங்களுக்குக் கேரள அரசு விலைச் சலுகை கொடுத்தது. ஒரு கூட்டுறவு இன்னொரு கூட்டுறவைத் தூக்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி நம் பக்கத்தில் இல்லை. குறை சொல்பவர்களும் உண்டு. போட்டி இல்லாமலே வேலை போகிறது என்கிறார்கள். உறுப்பினர் ஆகாத வடமாநிலத் தொழிலாளர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள் என்கிறார்கள். இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

உலகக் கூட்டுறவு இயக்கம் கைக்கொண்ட கொள்கைகளில் ஆறாவது, கூட்டுறவுகளுக்கிடையே கூட்டுறவு. 1966-ல் வியன்னா மாநாட்டில் இதைச் சேர்த்தார்கள். அதற்கு வெகு முன்னரே, 1927-ல், நியூயார்க் தையல் தொழிலாளர் சங்கம் பிராங்க்ஸ் பகுதியில் தன் உறுப்பினர்களுக்கான கூட்டுறவுக் குடியிருப்பைத் திறந்துவிட்டது. உருகுவேயில் 1968-ல் வந்த வீட்டு வசதிச் சட்டத்துக்குப் பிறகு பரவிய சங்கங்களில் பணம் இல்லாதவர் உழைப்பைப் பங்காகப் போடலாம். குடும்பத்துக்கு வாரம் இருபத்தொரு மணி நேர வேலை. கட்டி முடித்த வீடு சங்கத்துக்குச் சொந்தம், குடியிருக்கும் உரிமை குடும்பத்துக்கு. இத்தாலியில் 1992 சட்டப்படி ஒவ்வொரு கூட்டுறவும் லாபத்தில் மூன்று சதவீதத்தைப் புதுக் கூட்டுறவுகளை வளர்க்கும் நிதிக்குக் கொடுத்தாக வேண்டும்.

நம் ஊரில் ஏன் இல்லை?

நம் வீட்டு வசதிச் சங்கங்கள் பெரும்பாலும் கடன் கொடுக்கும் கவுன்டர்களாக மாறிவிட்டன. கடன் நிலுவை, அதற்கு வட்டி, வட்டிக்கு அபராத வட்டி, பிறகு தள்ளுபடித் திட்டம், முடிவில் பத்திரத்தை மீட்க ஓட்டம். வீடு கட்டுவது யார், அவருக்குக் கூலி என்ன என்று சங்கம் கேட்பதே இல்லை. தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் கையில் சங்கம் வருஷக்கணக்கில் இருந்தால் உறுப்பினர்களுக்கும் அக்கறை போய்விடும்.

தொழிலாளர் பக்கம் தடை வேறு விதம். டெண்டர் போட முன்வைப்புத் தொகை வேண்டும், ஒப்பந்தக்காரர் பதிவு வேண்டும், பில் பாஸாகும்வரை ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுக்கக் கையில் பணம் வேண்டும். இது இல்லாததால்தான் தொழிலாளர் சங்கம் என்று போர்டு மாட்டி, பின்னால் ஒரு கான்ட்ராக்டரே நடத்தும் பினாமிச் சங்கங்கள் முளைக்கின்றன. கணக்கு எழுதிப் பிழைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு சங்கம் உண்மையானதா என்று பார்க்கத் தணிக்கை அறிக்கையைவிடச் சனிக்கிழமை நோட்டைப் பார்த்தால் போதும்.

இந்தத் தடைகளை உடைக்க வீட்டுச் சங்கத்தால் முடியும். எங்களைப் போன்ற லேஅவுட்டில் வீடு கட்டி முடிந்தாலும் வேலை முடியாது. தெரு, மழைநீர் வடிகால், மேல்நிலைத் தொட்டி, சுற்றுச்சுவர் என்று இருக்கும். பிறகு வருஷம் முழுக்கப் பெயின்ட், பிளம்பிங், மொட்டைமாடி ஓதம். ஓய்வு பெற்றவர்கள் நிறைந்த தெருவில் குழாய் உடைந்தால் பிளம்பரைப் பிடிப்பதற்குள் தொட்டி காலியாகிவிடும். இந்த வேலைகளை ஒரு வருஷ ஒப்பந்தமாகத் தொழிலாளர் சங்கத்திடம் கொடுத்தால் எங்களுக்கு ஆள் நிச்சயம், அவர்களுக்கு வேலை நிச்சயம். முன்பணமாக ஒரு மாதத்தொகையைக் கொடுத்துவிட்டால் கந்துவட்டிக்கும் போக வேண்டாம்.

திரும்ப அவர்களுக்கு வீடு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் நலவரியாக அதற்குப் போகிறது. பதிவு செய்த தொழிலாளிக்குச் சொந்த மனை இருந்தால் வீடு கட்ட நாலு லட்ச ரூபாய்வரை உதவி என்று அரசு 2021-ல் அறிவித்தது. எல்லாம் சரி, மனைக்கு எங்கே போவது? அங்கேதான் நிலம் வாங்கப் பழகிய சங்கம் வர வேண்டும். வில்லங்கம் பார்க்கவும் விலை பேசவும் அப்ரூவல் எடுக்கவும் எங்களுக்குத் தெரியும். எங்களுக்காக ஒருமுறை செய்ததை அவர்களுக்காக இன்னொருமுறை செய்யலாம். எங்கள் வீடுகளுக்குக் கல் சுமந்தவர்களிடம் இதற்குக் கட்டணம் கேட்க எனக்கு மனம் வராது.

பிரியமுள்ள வாசகர்களே, உங்களில் பலர் ஏதாவதொரு வீட்டு வசதிச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பீர்கள். அடுத்த பேரவைக் கூட்டத்துக்குப் போய் டிபன் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எழுந்து நின்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: சங்கத்தின் கட்டட, பராமரிப்பு வேலைகளுக்கு முதலில் தொழிலாளர் கூட்டுறவு சங்கத்திடமே கேட்டுப் பார்க்க வேண்டும். "அப்படி ஒரு சங்கம் நம் ஊரில் இல்லையே" என்று செயலாளர் சொல்வார். தமிழ்நாட்டுச் சட்டப்படி வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த இருபத்தைந்து பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். உங்கள் தெருவில் வேலை செய்யும் மேஸ்திரி, கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், பெயின்டர் எல்லோரையும் எண்ணிப் பாருங்கள். இருபத்தைந்துக்குக் குறையாது.